திருத்திய புலம்பல்

என் வீட்டுக்காரர் இறந்த முப்பத்தோராம் நாள் நான் ஒரு பாட்டில் புலம்பினேன். அந்தப் பாட்டை நான் எழுதவில்லை, பாடவும் இல்லை. மைக் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் வெற்றிலை போட்ட வாயோடு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, என் சார்பில் பாடினார்.

"கோபமென்ற சொல்லறியாக் குணக்குன்றே என்துரையே
தாபமுறத் தனிவிட்டுத் தனிவழியே போனதென்ன?"

என்துரையாம். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவரை நான் 'இஞ்ச பாருங்க' என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன். கோபமென்ற சொல்லறியாதவராம். கோபம் என்ற சொல்லை மட்டும்தான் அந்த மனிதர் சரியாக அறிந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். கல்லில் வெட்டியது எதுவும் இல்லை, வழுவழுப்பான தாளில் அச்சடித்ததுதான். அட்டையில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே தேவாரம், குடும்ப வரலாறு, அதற்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று முறை வைத்து ஆளுக்கொன்று. புலம்புகிறவர்கள் யாரும் அதை எழுதுவதில்லை. அவர்களைக் கேட்டும் எழுதுவதில்லை. கேட்டால் என்ன சொல்வார்களோ என்ற பயம் போலிருக்கிறது.

அவர் வாழைச்சேனைக்காரர். எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்து நாவற்குடாவில் என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டுக்கு வந்து இருந்தவர். வாவிக்கரையில் சின்னதாக ஒரு பட்டறை போட்டு படகு எஞ்சின் திருத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் எழும்பவில்லை. கிரியை வேலைகளை அவருடைய ஆட்கள் பொறுப்பெடுத்தார்கள். அவருக்கு ஒரே ஒரு அக்கா, எனக்கு மச்சாள். மச்சாளின் கணவர் அச்சகத்துக்குப் போய்ப் பெயர் விபரம் கொடுத்துவிட்டு வந்தார். அச்சகத்தில் வேறு யாருக்கோ அடித்த கல்வெட்டைக் கம்பியூட்டரில் திறந்து, பெயரையும் ஊரையும் மாற்றி, அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒருவரும் திரும்ப வாசித்துப் பார்க்கவில்லை.

ஆகவே என் புலம்பல் முடிந்ததும் பாடுகிறவர் தொண்டையைச் செருமி, 'அடுத்தது மக்கள் புலம்பல்' என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார்.

"தோளிலே எமைச்சுமந்து தேர்காட்டி மகிழ்ந்தவரே
நாளெல்லாம் அழவிட்டு நடந்ததெங்கே அப்பாவே?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கலியாணமாகிச் சில வருடத்தில் கண்டியில் ஒரு பெரிய வைத்தியரிடம் போய், எல்லாச் சோதனையும் செய்து, குறை என்னில்தான் என்று தெரிந்துகொண்டு வந்தோம். அது எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வைத்தியருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஊருக்குத் தெரிந்தது பிள்ளை இல்லை என்பது மட்டும்.

பந்தலில் ஆண்கள் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தார்கள், பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாவது பாட்டும் போனது. மூன்றாவதில் என் தம்பி எழுந்து போய் அந்த மனிதரின் காதில் ஏதோ சொன்னான். அவர் பெரிதாகத் தலையாட்டினார், பக்கத்தைப் புரட்டினார், 'மருமக்கள் புலம்பல்' என்று தொடங்கினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். மாமாவே மாமாவே என்று அவர் ராகம் இழுக்கும்போது தம்பி மைக் வயரைப் பிடுங்கிவிட்டான்.

எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. அடக்க முடியாத, வயிறு நோகிற சிரிப்பு. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குனிந்தேன். நான் விம்முகிறேன் என்று நினைத்துப் பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்தார்கள். இப்போதும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

புத்தகங்கள் எல்லாம் ஏற்கெனவே வந்தவர்களின் கைகளில். வீட்டில் மிச்சம் கிடந்தவற்றிலிருந்தாவது அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்று தம்பி உட்கார்ந்தான். நடுவில் கம்பி குத்திய புத்தகம், ஒரு தாளைக் கிழித்தால் அதன் மறுபாதியும் கையோடு வரும். மறுபாதியில் அவரும் நானும் நிற்கிற கலியாணப் படம். தம்பி என்னைப் பார்த்தான். விடு என்றேன்.

நான் டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். மருந்துச் சீட்டை வாசித்து மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அதற்குமேல் எழுத்தோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. திரும்ப வேலைக்குப் போன கிழமை, கூட வேலை செய்கிற பெண் என் போனை வாங்கி ஏதோ ஒரு பேஸ்புக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். குடும்பத்தில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களுக்கான குழுவாம். குழுவின் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கேட்டவுடன் மூக்கைச் சிந்தவேண்டும் என்று நினைத்து வைத்த பெயர். நடத்துகிறவர் சுவிஸில் இருக்கிற நம்மூர்க்காரர் ஒருவர். தினமும் காலையில் எரிகிற மெழுகுதிரிப் படமும் அதற்குக் கீழே ஒரு தத்துவமும் போடுவார். மரணம் ஒரு கதவு என்பார் ஒரு நாள், மறுநாள் மரணம் ஒரு நதி என்பார். மற்றவர்கள் கும்பிட்ட கை போடுவார்கள்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. யார் என்ன எழுதினாலும் கீழே ஆழ்ந்த அனுதாபங்கள். மகனைப் பறிகொடுத்தவளுக்கும் அதே, தொண்ணூறு வயதுத் தகப்பனைப் பறிகொடுத்தவனுக்கும் அதே. அச்சகத்துக்காரர் கம்பியூட்டரில் செய்ததை இவர்கள் விரலால் செய்தார்கள். ஒரு பெண் எல்லோருக்கும் ஏதோ ஒரு மந்திரத்தைச் சொல்லச் சொன்னாள். ஒருவர் தூக்கம் வருவதற்கு மூலிகை எண்ணெய் விற்றார். விலகிவிடலாம் என்றுதான் இருந்தேன். விலகுவதற்கு முன் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டுப் போவோம் என்று, ஒரு மத்தியானம் பாமசியின் பின் அறையில் சோற்றுப் பார்சலைத் திறந்து வைத்துக்கொண்டு, கல்வெட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டேன். பிள்ளை இல்லாத மனிதனுக்கு இதை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், இவர்களை என்ன செய்யலாம் என்று கேட்டு மேலே எழுதினேன்.

கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. ஒரு பெரியவர் படத்தை மட்டும் பார்த்திருக்கிறார். 'பிள்ளைகளுக்கு இறைவன் மனவலிமையைத் தரட்டும்' என்று எழுதினார். வெந்த புண்ணில் வேல். போனைத் தூக்கி அட்டைப் பெட்டிகளுக்கு மேல் எறிந்துவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டேன். சோறு ஆறிப்போயிருந்தது.

பின்னேரம் பஸ்ஸில் வரும்போது பார்த்தால் ஒருவர் மட்டும் தனியாக வொய்ஸ் அனுப்பியிருந்தார். ஏறாவூர்ப் பெண், என்னைவிட வயதில் இளையவள். கணவர் கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தவர், அங்கேயே இறந்துவிட்டாராம். அவள் இத்தா இருக்கிறாள், அந்தத் துக்க நாட்கள் முடியும்வரை வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. தட்டச்சு வராது என்பதால் பேசித்தான் அனுப்புவாளாம்.

"அக்கா, எனக்கு மனிசன்ட மையத்தயும் கண்ணால பாக்கக் கிடைக்கல்ல. அங்கயே அடக்கிட்டாங்க. எனக்குப் பாட்டும் இல்ல, புத்தகமும் இல்ல. உங்களுக்குப் பொய்யாவது எழுதித் தந்திரிக்காங்க. அதில எதெது பொய்யெண்டு சொல்லுங்க, கேட்டுட்டு இரிக்கன்."

முதலில் கோபம்தான் வந்தது. முகம் தெரியாத ஒருத்தி, என் துக்கத்தை இவளுக்குப் பொழுதுபோக்குக்குச் சொல்லவேண்டுமா என்று நினைத்தேன். பதில் போடவில்லை. ஆனால் அந்தக் கேள்வி காலில் குத்திய மீன்முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. அடுத்த நாள் காலை தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு கல்வெட்டை எடுத்து வைத்து, மனைவி புலம்பலின் முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

கோபமென்ற சொல்லறியா என்பது பொய் என்று எழுதினேன். அவருக்கு எஞ்சின் ஆணி இறுகினால் கோபம். தேத்தண்ணீரில் சீனி கூடினால் கோபம், குறைந்தால் அதைவிடக் கோபம். ஸ்பேனர் சாவியைத் தூக்கி எறிவார். எறிந்த சாவி மண்ணுக்குள் எங்கே போனது என்று அரை மணித்தியாலம் அவரே தேடுவார். அந்த நேரம் யாரும் உதவிக்குப் போகக்கூடாது, போனால் அதற்கும் கோபம். இதை எழுதி அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் சிரித்த சிரிப்பை அப்படியே வொய்ஸாகப் போட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதேன். அவர் இறந்ததற்குப் பிறகு யாரும் பிடித்துக்கொள்ளாமல், முதுகைத் தடவாமல் அழுதது அன்றைக்குத்தான்.

ஈகையிலே கர்ணன் என்று ஒரு வரி. மகா பொய். தன் சாமான்களில் ஒரு சின்ன ஸ்பேனரைக்கூட ஒருவருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். ஆனால் கேட்டு வந்தவனோடு தானே அந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், வேலையைச் செய்து முடித்துவிட்டு, ஸ்பேனரோடு திரும்பி வருவார். காத்தான்குடி முதலாளி ஒருவர் ஒரு ஸ்பேனரை இரவல் கேட்கப்போய், தன் கடை ஜெனரேட்டர் முழுதையும் இவரிடம் திருத்திக்கொண்டார். இறை பக்தியில் சிறந்தோன் என்று இன்னொரு வரி. கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு வருவார், உண்மை. வந்து வெளியில் நின்று எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பார். மனையாளின் கைச்சோறே அமுதமென்றாய் என்ற வரியைப் பச்சைப் பொய் என்று எழுதினேன். என் மீன்கறியை ஒருநாளும் நல்லது என்று சொன்னதில்லை. அக்காவின் கைப்பக்குவம் வராது என்று மச்சாளைக் காட்டுவார். சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் அதைச் சொல்வார்.

இதையெல்லாம் அந்த ஏறாவூர்ப் பெண் குழுவில் போடச் சொன்னாள். போட்டேன். அங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. கும்பிட்ட கைகள் குறைந்தன. கல்குடாவில் ஒரு பெண் தன் தாயின் கல்வெட்டை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள். பொறுமையில் பூமாதேவி என்று போட்டிருக்கிறார்களாம், அகப்பைக்காம்பால் அடி வாங்காத நாளில்லை என்று எழுதினாள். சுவிஸ்காரரும் மெழுகுதிரியை நிறுத்திவிட்டுத் தன் தகப்பனைப் பற்றி எழுதினார். பத்து வரிதான், ஆனால் அவர் அதுவரை போட்ட எல்லாத் தத்துவத்தையும்விட அதில் ஒரு மனிதன் இருந்தான். கும்பிட்ட கை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் இத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

ஆனால் எழுதினால் பாரம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் குறையவில்லை. ஒரு விஷயத்தை எழுதி முடித்ததும் இது சரியா என்று கேட்க ஆள் தேடும். கேட்கவேண்டிய ஆள்தான் இல்லையே. சீனி கூடினால் கோபமா, குறைந்தால் கோபமா என்று எனக்கே குழம்பிப் போகும் நாட்களும் இருந்தன. போதாக்குறைக்குக் குழுவில் ஒரு எழுத்தாளர் வேறு. இரண்டு புத்தகம் போட்டவராம். என் பதிவை எடுத்துச் செம்மைப்படுத்தித் தந்தார். பார்த்தால் பட்டறைக்கு மேல் நிலவு காய்கிறது, வாவி தேம்புகிறது, அவருடைய ஸ்பேனர் ஒரு வீணையாகிவிட்டது. 'ஐயா, உங்களுக்கும் அச்சகத்துக்காரருக்கும் என்ன வித்தியாசம்' என்று கேட்டு எழுதினேன். அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். ஒருவர் போனதற்காக நான் கவலைப்படாத ஒரே தடவை அது.

ஏறாவூர்ப் பெண்ணும் தன் கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கலியாணம் முடிந்த கையோடு போன மனிதராம், இடையில் இரண்டு தரம் லீவில் வந்தவர். மற்றதெல்லாம் வீடியோ கோல். 'போனுக்குள்ளயேதான் குடும்பம் நடத்தினம் அக்கா' என்றாள். சாவுச் செய்தியும் அதே போனில்தான் வந்ததாம். அந்தப் போனை மாற்றச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள், அவள் மாற்றவில்லை. அந்தப் போனில்தான் என்னோடும் பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் அரை மணித்தியாலம்கூட எடுக்காத ஊர்.

மனைவி புலம்பல் முழுதையும் திருத்தி முடித்தாகிவிட்டது. சகோதரர் புலம்பலிலும் கொஞ்சம் கைவைத்தேன். குழுவில் உள்ளவர்கள் மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கினார்கள். மக்கள் புலம்பலை எப்போது எழுதப் போகிறீர்கள் என்று ஒருவர் மாறி ஒருவர் கேட்டார்கள். அந்தப் பக்கத்தை எப்படித் திருத்துவது? வரிக்கு வரி பொய் என்றால் திருத்தலாம். அங்கே பொய் வரியில் இல்லை, தலைப்பில் இருந்தது. அதைத் திருத்துவதென்றால் குறை என்னில் என்று எழுதவேண்டும். ஊரிலுள்ளவர்களின் சொல்லை எல்லாம் பொய் பொய் என்று நீட்டி முழக்கியவள் தன் முறை வந்ததும் பதுங்குகிறாளே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அடுத்தது அதுதான் என்று குழுவில் எழுதிவிட்டேன். எழுதிவிட்டு எழுதாமல் இருந்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மூடிய குழுதான், ஆனாலும் யாரோ என் பதிவுகளைப் படமெடுத்து வெளியில் விட்டிருக்கிறார்கள். வாழைச்சேனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலில் மச்சாளின் கணவர் போன் எடுத்தார். செத்த மனிதனைச் சந்தியில் நிறுத்தி நாறடிக்கிறாயா என்று கேட்டார். கல்வெட்டுப் பிழைக்கு ஒரு சொல் வருத்தம் சொல்லாத மனிதர், நான் எழுதிய உண்மைக்கு அரை மணித்தியாலம் ஏசினார். பிறகு என் தம்பி எடுத்தான். அவனுக்கும் பயம், எல்லாவற்றையும் அழித்துவிடு அக்கா என்றான். அழிக்கமாட்டேன் என்று வைத்தேன். ஒரு கிழமையாக யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. பாமசியில் ஒரு கிழவர்மேல் வீணாக எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை மச்சாள் தனியாக வந்தார். முழங்கால் வருத்தக்காரி, பஸ் ஏறி எங்கேயும் போகாதவர். வந்து முன் அறைக் கதிரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். நான் தேத்தண்ணீர் வைக்கப் போன இடத்தில் சொல்லவேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கினேன். இது என் வீடு, அவர் என் மனிதர், என் வாய். ஒரு வரியும் அழிப்பதில்லை. தேத்தண்ணீரைக் கொண்டுவந்து முக்காலியில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன்.

"இரி புள்ள" என்றார். இருந்தேன்.

"எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினவங்க. கோவக்காரன் எண்டு எழுதியிரிக்காய், உண்மதானே. சாமான் இரவல் குடுக்கமாட்டான் எண்டதும் உண்மதான். என்னெண்டாலும் எழுது. நான் அவர மாதிரி ஏச வரல்ல. அந்த ஒண்ட மட்டும் எழுதிராத."

"எத மச்சாள்?"

"புள்ள இல்லாத கதைய. அடுத்தது அதத்தான் எழுதப்போறாயெண்டு சொன்னாங்க. குறை அவனில எண்டு ஊர் உலகத்துக்குச் சொல்லிராத புள்ள. மண்ணுக்குள்ள போனவன், பாவம்."

மச்சாள் தானாகவே சொல்லிக்கொண்டு போனார். கண்டிக்குப் போய்வந்த கையோடு என் மனிதர் தனியாக வாழைச்சேனைக்குப் போயிருக்கிறார். முற்றத்தில் நின்றபடியே தாயிடமும் அக்காவிடமும் சொல்லியிருக்கிறார், வைத்தியர் பார்த்துவிட்டார், குறை என்னில், அவளை ஒருத்தரும் ஒன்றும் கேட்கக்கூடாது என்று. தாய் வாயில் கை வைத்தாவாம். அவர் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடுக்கவில்லைதான். நாவற்குடாவில் கேட்டார்கள். பஸ்ஸில் கேட்டார்கள், பாமசிக்கு மருந்து வாங்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். இத்தனை வருடமும் வாழைச்சேனையில் மட்டும் ஒரு சொல் கேட்டதில்லை. நல்ல நாட்களில் அதை அவர்களுடைய பெருந்தன்மை என்று நினைத்தேன். மனம் சரியில்லாத நாட்களில், என்னைக் கேட்டும் பிரயோசனமில்லை என்று தள்ளி வைத்துவிட்டார்கள் என்று நினைத்து அவரோடு சண்டை பிடித்தேன். உங்கட ஆட்கள் என்னை மனிசியாக மதிப்பதில்லை என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். ஒரு தரமாவது அவர் வாயைத் திறந்திருக்கலாம். 'ம்' என்றுவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார்.

மாமி சாகிற நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ட மகனை விட்டுட்டுப் போகாமல் இருந்தாயே, நீ நல்ல பிள்ளை என்று சொன்னார். வருத்தத்தில் வாய் பிதற்றுகிறது என்று நினைத்தேன்.

இப்போது மச்சாள் எனக்கு முன்னால் உட்கார்ந்து, தன் தம்பியின் மானத்தைக் காப்பாற்றும்படி என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். சரி மச்சாள், எழுதமாட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கும் வசதி. அவர் எனக்காகக் கட்டி வைத்த பொய் வீட்டுக்குள் கடைசிவரை இருந்துவிடலாம். ஆனால் மச்சாளின் கண்ணில் இருந்த அந்த இரக்கம், குறையுள்ள தம்பி என்று இத்தனை வருடமும் அவர்மேல் வைத்திருந்த இரக்கம், என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"மச்சாள், குறை அவரில இல்ல. என்னில."

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குள் இறங்க நேரம் எடுத்தது. வைத்தியர் சொன்னதை முழுதாகச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்து கேட்டதைச் சொன்னேன். வருகிற வழியில் பஸ்ஸில் கச்சான் கடலை வாங்கித் தந்து, ஏதோ ஒரு எஞ்சினைப் பற்றி மட்டக்களப்புவரைக்கும் கதைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லத் தெரியாத மனிதன் என்று அன்றைக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதையும் சொன்னேன்.

"அப்ப அவன் அம்மாட்டப் பொய் சொன்னவனா?"

"ஓம் மச்சாள்."

"அம்மா சாகுமட்டும் அவனுக்கு நேர்த்தி வச்சவ. ஒவ்வொரு குளிர்த்திக்கும் என்ட புள்ளைட குறையத் தீர் தாயே எண்டு அழுதவ. வெளிய நிண்டு கேட்டுக்கொண்டு இரிந்தவனே."

செருப்புக்குக் காவல் நிற்கிற மனிதன் என்று நான் சிரித்துச் சிரித்து எழுதினேன். உள்ளே தாய் எதற்காக அழுகிறாள் என்று தெரிந்துகொண்டு ஒரு மனிதன் எப்படி உள்ளே போவான்? அதை நான் எப்படி எழுதுவது?

மச்சாள் எழுந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. முகம் சிவந்திருந்தது. கோபம் வந்தால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் முகம்தான் முதலில் காட்டும். என்னில் கோபமா, அவரில் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவருக்கும் தெரிந்திருக்காது. வாசல் படலை வரைக்கும் நடந்தவர், அங்கே நின்று திரும்பினார்.

"எழுது புள்ள. அவன் பொய்க்காரன் எண்டும் எழுது."

பஸ் ஏற்றிவிட்டு வந்து போனை எடுத்தேன். திருத்தவில்லை, யோசிக்கவும் இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, குறை என்னில், என் மனிதர் அதைத் தன்னில் என்று தன் தாயிடம் சொல்லிவிட்டு, என்னிடம் சொல்லாமல் செத்துப் போனார் என்று குழுவில் எழுதி அனுப்பினேன். கும்பிட்ட கை ஒன்றும் வரவில்லை. வேறு பதிலும் வரவில்லை. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் காட்டியது. ஏறாவூரிலிருந்து வொய்ஸ் வந்தது.

"அழாதீங்க எண்டு சொல்ல மாட்டன் அக்கா. ஏசுங்க. நல்லா ஏசுங்க, அவருக்குக் கேக்கும்."

ஏசினேன். கலியாணப் படத்துக்கு முன்னால் நின்று, எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லாலும், தெருவுக்குக் கேட்கும்படி ஏசினேன். யாரைக் கேட்டு அந்தப் பழியைத் தூக்கினாய், எத்தனை தரம் உன் ஆட்களைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன், அப்போதாவது சொல்லியிருக்கக்கூடாதா, இப்போது நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன் என்று ஏசினேன். உயிரோடு இருக்கும்போது ஒருநாளும் அவரை நீ என்று சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஆரோட அக்கா சண்டை என்று கேட்டாள். என்ட மனிசனோட என்றேன்.